குடவோலை ஊரில் ஒரு கொடி



சென்ற பொதுக்குழுவில் கடைசியாக வந்த பொருள் உங்களுக்கு நினைவிருக்கும். சம்ப் சுத்தம் செய்வது, லிஃப்ட் ஒப்பந்தம், மாதாந்திர மெயின்டனன்ஸ் எல்லாம் முடிந்து பாதிப் பேர் எழுந்துவிட்ட நேரத்தில், பார்க்கிங் ஓரச் சுவரில் படர்ந்திருக்கும் கொடியை வெட்டிவிடலாமா என்ற கேள்வி வந்தது. மழைநீர்க் குழாய்க்குள் நுழைந்துவிட்டது என்றார் ஒருவர். பூச்சி பொட்டு வரும், பாம்பு வரும் என்றார் இன்னொருவர். மாலையில் அந்தப் பக்கம் நின்றாலே மனம் குளிர்கிறது, வெட்டக்கூடாது என்று இரண்டு அம்மாக்கள் சொன்னார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "எல்லாம் சரி, அதை யார் பார்த்துக்கறது?" யாரிடமும் பதில் இல்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துக் கலைந்தோம்.

அந்தக் கொடியை நட்டவர்களில் நானும் ஒருவன். ஆகவே பதில் சொல்ல வேண்டியவர்களிலும் ஒருவன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. நாம் குடியிருப்பது உத்திரமேரூரில். "தோட்டத்தை யார் பார்த்துக்கொள்வது?" என்ற கேள்விக்கு இந்த ஊர் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே பதில் எழுதி, கல்லில் வெட்டியும் வைத்திருக்கிறது. இந்த இதழில் அதைப் பற்றிப் பேசலாம். கொடிக்கும் கடைசியில் வருவோம்.

கல்லில் எழுதிய துணைவிதி

வைகுண்டப் பெருமாள் கோயிலை நாம் எல்லோரும் கடந்து போயிருக்கிறோம். வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்குக் காட்டியும் இருக்கிறோம். "இங்கேதான் அந்தக் காலத்தில் ஓட்டுப் போட்டார்கள்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் காபி சாப்பிடப் போய்விடுவோம். அங்கே இருப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், ஒரு குடியிருப்போர் சங்கத்தின் துணைவிதிகளைப் படிப்பது போலவே இருக்கும்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில் இரண்டு தீர்மானங்கள் அங்கே பொறிக்கப்பட்டன. ஒன்று அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-ல். மற்றொன்று 14-ஆம் ஆட்சியாண்டில், 921-ல். ஊரின் பெயர் அப்போது உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். பல்லவர் காலத்திலேயே அமைந்துவிட்ட ஊர். அதன் சபை கூடி, ஊர்க் காரியங்களைப் பார்க்கும் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று விதி செய்தது. வாரியம் என்பதை இன்றைய சொல்லில் கமிட்டி என்று வைத்துக்கொள்ளலாம். கல்வெட்டறிஞர் வெங்கையா, தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் இவற்றைப் பற்றி விரிவாக எழுதியதிலிருந்து உலகம் முழுவதும் வரலாறு படிப்பவர்களுக்கு நம் ஊரின் பெயர் தெரியும்.

முறை இதுதான். ஊர் 30 குடும்பாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, அந்தக் குடும்பின் பெயரை மேலே கட்டிக் குடத்தில் இட வேண்டும். சிறுவர் முதல் பெரியவர் வரை சபை நிறைந்திருக்க, கோயில் நம்பிமார் அத்தனை பேரும் உடனிருக்க, அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சிறுவன் ஒரு குடும்பின் கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கையை மூடி வாங்கினால் ஓலையை மாற்றிவிடலாம் அல்லவா? வாங்கியதை அவன் உரக்கப் படிப்பான். பிறகு நம்பிமார் எல்லோரும் படிப்பார்கள். அதன் பிறகே பெயர் எழுதப்படும்.

இப்படிக் குடும்புக்கு ஒருவராக 30 பேர். இவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். பொன்னின் மாற்றைப் பார்க்கப் பொன் வாரியம், அதனுடன் பஞ்சவார வாரியம் என்று இன்னும் இரண்டு இருந்தன. அவற்றுக்கு ஆறு ஆறு பேரை இதே குடவோலையில் தனியாக எடுத்தார்கள்.

எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஏரியைக் காக்க 6 பேர். தோட்டத்தைப் பார்க்க 12 பேர். எல்லாவற்றுக்கும் மேலான ஆண்டு வாரியத்துக்கும் அதே 12.

தோட்டம் என்றால் என்ன?

தோட்ட வாரியம் என்றதும் மாலையில் உலாவப் பூச்செடி வைத்த இடம் என்று நினைத்துவிட வேண்டாம். இன்றும் நம் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் "தோட்டத்துக்குப் போயிட்டு வரேன்" என்றால், கிணற்றுத் தண்ணீர் பாயும் நிலத்தைத்தான் சொல்கிறார். கத்தரி, மிளகாய், வாழை, தென்னை, ஓரத்தில் நாலு மல்லிப் பந்தல், எல்லாம் அதில் அடங்கும். ஏரித் தண்ணீர் நெல்லுக்கு. கிணற்றுத் தண்ணீர் தோட்டத்துக்கு. ஏரி மடையைத் திறந்தால் தண்ணீர் தானே பாயும். தோட்டத்துக்கோ ஒவ்வொரு சாலையும் ஆள் இறைத்தால்தான் உண்டு. ஒரு நாள் விட்டால் வாடும், பத்து நாள் விட்டால் போய்விடும். ஏரியை விடத் தோட்டத்துக்கு இரண்டு மடங்கு ஆள் வேண்டியிருந்ததில் எனக்கு வியப்பில்லை. ஒரே ஒரு கொடியை வைத்துக்கொண்டு நாம் படும் பாட்டைப் பார்த்த பிறகு கொஞ்சமும் இல்லை.

பூவும் அந்நாளில் சின்ன விஷயம் இல்லை. கோயில்களுக்கு மாலை கட்டுவதற்கென்றே நந்தவனம் வைத்தார்கள். அதைப் பார்க்கும் ஆட்களின் சாப்பாட்டுக்கு நிலம் விட்டார்கள். அந்த நிலத்துக்குத் திருநந்தவனப்புறம் என்று பெயர். செடி வைப்பதிலும் அரசு கை வைத்தது. பல்லவர் செப்பேடுகளில் வரும் வரிகளில் குவளைக்காணம் ஒன்று. குளத்தில் வளரும் குவளைப் பூவுக்கான வரி அது. செங்கொடிக்காணம் இன்னொன்று, செங்கொடி என்ற மருந்துச் செடிக்கான வரி. இப்போது நாம் கொடிக்குக் கொடுக்க வேண்டியது ஒரு வாளித் தண்ணீர்தான்.

இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். சோழர் காலத்தில் ஒரு ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது, அந்த ஊரார் என்னென்ன செய்துகொள்ளலாம் என்று செப்பேட்டில் வரிசையாக எழுதுவார்கள். சுட்ட செங்கல்லால் மாடி வீடு கட்டிக்கொள்ளலாம், கிணறு தோண்டலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், மருவும் செண்பகமும் செங்கழுநீரும் நடலாம் என்று அந்தப் பட்டியல் போகும். செங்கல் மாடியும் பூச்செடியும் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டும் எல்லோருக்கும் தானாகக் கிடைத்துவிடாத உரிமைகள். சுட்ட செங்கல் மாடியில் குடியிருந்துகொண்டு, பூச்செடியை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று நாம் விவாதிக்கிறோம்!

தோட்டம் பார்த்தவருக்கே மேல்பதவி

921-ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. பள்ளிப் புத்தகங்களில் அது பெரும்பாலும் வருவதில்லை. எடுக்கப்பட்ட 30 பேரில் யாரை ஆண்டு வாரியத்துக்கு அனுப்புவது? முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்கள், கல்வியில் மூத்தவர்கள், வயதில் மூத்தவர்கள் என்று விதி சொல்கிறது. மற்றவர்களில் 12 பேர் தோட்டத்துக்கு, மீதி 6 பேர் ஏரிக்கு. அதாவது, ஊரின் மேல்பதவிக்கு வருகிறவர் முதலில் செடிக்கும் தண்ணீருக்கும் பொறுப்பாக இருந்து காட்டியிருக்க வேண்டும். படிப்பையும் வயதையும் போல அதுவும் ஒரு தகுதி.

நம் சங்கத்தில் தலைகீழ். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எல்லாப் பதவிக்கும் எப்படியோ ஆள் பிடித்துவிடுகிறோம். தோட்டம் என்று வரும்போது "யாராவது ஆர்வம் இருக்கறவங்க பார்த்துக்கோங்க" என்று முடித்துவிடுகிறோம். யாராவது என்ற சொல்லுக்கு வீட்டு எண் கிடையாது.

மற்ற விதிகளும் நமக்குப் புதியவை இல்லை. பதவிக் காலம் 360 நாள். முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். நடுவில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குக் குடத்தில் பெயர் இட முடியாது. வாரியம் பார்த்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் இடவே கூடாது. அவருடைய அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், அத்தை மகன், சித்தி மகன் பெயரும் கூடாது என்று ஒரு நீண்ட உறவுப் பட்டியல் அதில் இருக்கிறது. ஒருவர் போட்ட கணக்கை உறவினர் வந்து மூடிவிடக்கூடாது என்ற எச்சரிக்கை.

919-ல் செய்த விதி இரண்டே ஆண்டுகளில் திருத்தப்பட்டது என்பதையும் பாருங்கள். முதலில் வயது வரம்பு 30-க்கு மேல் 60-க்குள். 921-ல் அது 35-க்கு மேல் 70-க்குள் என்று மாறியது. ஒரு முறை விதி செய்து, நடத்திப் பார்த்து, சரிவராததை மாற்றியிருக்கிறார்கள். முதல் விதி சரிவரவில்லை என்று வருத்தப்பட்டு வாரியத்தையே கலைத்துவிடவில்லை.

ஓலையில் பெயர் இல்லாதவர்கள்

இத்தனையும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குடத்தில் ஊரார் எல்லோருடைய பெயரும் விழவில்லை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. பெண்களுக்கு அதில் இடமில்லை. உழுதவர், மண் சுமந்தவர், ஏற்றத்தில் நின்று இறைத்தவர், பூப்பறித்துத் தொடுத்தவர் ஆகிய யார் பெயரும் அந்த ஓலைகளில் இல்லை. தோட்ட வாரியத்துக்கு 12 பேர் இருந்தார்கள் என்று கல் சொல்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விட்ட கை யாருடையது என்று கல் சொல்லவில்லை.

இதை எழுதும்போது எனக்கு நம் கொடியின் நினைவு வந்தது. சென்ற சித்திரையில் கத்திரி வெயில் காய்ந்தபோது, நட்ட நாங்கள் நான்கு பேரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மோட்டார் பழுது, டேங்கர் தண்ணீர், பிள்ளைகளின் விடுமுறை என்று ஆளுக்கொரு காரணம். மழைக்குப் பிறகு பார்த்தால் கொடி பச்சையாக நிற்கிறது. "நல்ல வகைக் கொடிதான், தாங்கிவிட்டது" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். இந்தக் கட்டுரைக்காக விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. நம் படிக்கட்டுகளைப் பெருக்கித் துடைக்க வரும் அம்மாதான், இரண்டு மூன்று வீடுகளில் அரிசி களைந்த தண்ணீரைக் கேட்டு வாங்கி, நாள்தோறும் ஒரு வாளி ஊற்றியிருக்கிறார். யாரும் சொல்லவில்லை. யாரும் கூலி கொடுக்கவில்லை. ஏன் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். "வாடுதே சார்" என்றார். அவ்வளவுதான்.

பறம்பு மலையை ஆண்ட பாரி, பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டுப் போனான் என்று பள்ளியில் படித்தோம். தேர் கொடுத்தவன் பெயர் இரண்டாயிரம் ஆண்டாக நிற்கிறது. வாளி தூக்கியவர் பெயரை நம் சங்கத்தின் பதிவேட்டிலாவது எழுதலாம்.

சுவரில் இருப்பது எது?

இனிக் கொடிக்கு வருகிறேன். அதை வாங்கியபோது சீட்டில் "ஹனிசக்கிள், குட்டை வகை" என்று எழுதியிருந்தது. அடக்கமாக வளரும், பந்தல் வேண்டாம், தொட்டியிலேயே பூக்கும் என்றார் விற்றவர். இன்று அது இரண்டாம் மாடியைத் தொட்டுவிட்டது. பெயரும் சரியில்லை, உயரமும் சரியில்லை.

உண்மையான ஹனிசக்கிள் 'லோனிசெரா' என்ற இனம். 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியத் தாவர அறிஞர் ஆடம் லோனிட்சர் பெயரால் அழைக்கப்படுவது. குளிர்ந்த நாடுகளின் கொடி. தமிழ்நாட்டில் அதன் உறவைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்கும் பழனி மலைக்கும் ஏற வேண்டும். அங்கே இயல்பாக வளரும் ஒரு வகைக்கு லெஷ்னோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் இருக்கிறது. 1816-ல் பாண்டிச்சேரிக்கு வந்து தென்னிந்தியத் தாவரங்களைச் சேகரித்தவர் அவர்.

நம் சுவரில் இருப்பது ரங்கூன் மல்லி. மதுமாலதி என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அதற்குச் 'சீன ஹனிசக்கிள்' என்றும் ஒரு வழக்குப் பெயர் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். இரண்டுக்கும் உறவு கிடையாது. ரங்கூன் மல்லி நம் மருத மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் குணம் ஒத்துப்போகும். ஜப்பான் ஹனிசக்கிள் மாலையில் வெள்ளையாகப் பூத்து, பிறகு மஞ்சளாகும். நம்முடையது மாலையில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஜா நிறமாகி, மூன்றாம் நாள் சிவக்கும். ஒரே கொத்தில் மூன்று நிறம் இருப்பது அதனால்தான். வெள்ளையாக இருக்கும் இரவில் மணம் அதிகம். நீண்ட குழலுக்குள் உறிஞ்சுகுழலை விட்டுத் தேன் குடிக்கும் பருந்து அந்துப்பூச்சிக்கு அந்த அழைப்பு. நிறம் ஏறிய பூவைத் தேடிப் பகலில் தேனீயும் தேன்சிட்டும் வரும்.

இந்தக் கொடிக்கு நெடுநாள் இருந்த அறிவியல் பெயர் 'குயிஸ்குவாலிஸ்'. லத்தீனில் "யார்? எப்படிப்பட்டது?" என்று பொருள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ் அம்போன் தீவில் வாழ்ந்த ரம்ஃபியஸ் அதன் மலாய்ப் பெயரான 'உதானி' என்பதைக் கேட்டார். "எத்தகைய" என்ற டச்சுச் சொல்லைப் போல அது ஒலிக்கவே, விளையாட்டாக அதையே லத்தீனில் மாற்றினார். 1670-ல் பார்வை இழந்த பிறகும் பிறர் உதவியோடு அம்போன் தாவரங்களைப் பற்றிய பெரிய நூலை எழுதி முடித்தவர் அவர். 1702-ல் இறந்தார். நூல் அச்சேறத் தொடங்கியது 1741-ல்தான். நட்டவர் ஒருவர், பூவைப் பார்ப்பவர் வேறொருவர் என்பது தாவர உலகில் புதிதில்லை.

வெட்ட வேண்டாம், கவாத்து செய்வோம்

கூட்டத்தில் வந்த குறைகளுக்கு என் பதில் இது.

குழாய்க்குள் நுழைந்தது உண்மை. அது கொடியின் குற்றம் ஆகாது. பற்றிக்கொள்ளக் கொழுகொம்பு கொடுக்காமல் விட்டோம், கிடைத்ததைப் பற்றியது. ரங்கூன் மல்லி ஆலைப் போலச் சுவருக்குள் வேர் விடுவதில்லை. இலை உதிர்ந்த பின் காம்பின் அடி முள் போல நின்றுவிடும். அதைக் கொக்கியாக வைத்துத்தான் ஏறுகிறது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஆள் உயரத்துக்குக் கம்பிச் சட்டம் ஒன்று வைத்தால் போதும்.

உயரத்தை அடக்க வழி கவாத்துதான். புதிய தளிரில் பூக்கும் கொடி என்பதால் வெட்டுவதால் நட்டமில்லை. வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு, மார்கழிக் கடைசியிலோ தையிலோ, இடுப்பளவுக்கு வெட்டிவிட்டு இரண்டு கூடை மக்கிய எரு போட்டால் கோடையில் மறுபடி கொத்தாகப் பூக்கும். சட்டத்தைத் தாண்டும் நுனிகளை மாதம் ஒரு முறை கிள்ள வேண்டும். அடியில் வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளை அப்போதே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கிங் முழுவதும் அதன் பங்காளிகள் வந்துவிடுவார்கள்.

பாம்புப் பயத்துக்கு மருந்து, கொடியின் அடியில் சருகும் உடைந்த தொட்டியும் சேரவிடாமல் இருப்பது. அடி தெரியும்படி முழங்கால் உயரம் வரை இலையைக் கழித்துவிடலாம்.

பால்கனியில் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறு மணி நேர வெயில் விழும் பக்கமாக இருந்தால் வையுங்கள். வாயகலம் ஒன்றேகால் அடிக்குக் குறையாத தொட்டி, அடியில் நீர் வடியும் துளை, செம்மண்ணும் மணலும் எருவும் சமபாகம், மூன்றடிச் சட்டம், இவ்வளவு போதும். நர்சரியில் பூத்திருக்கும் செடியையே பார்த்து வாங்குங்கள். சீட்டை நம்ப வேண்டாம் என்பதற்கு நாங்களே சாட்சி. ஆடி ஆவணியில் நம் கொடியிலிருந்து பதியன் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். விதை விழுந்தால் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சி மருந்தாகப் பழைய வைத்தியத்தில் பயன்பட்டது என்றாலும், அளவு மீறினால் குமட்டலும் விக்கலும் வரும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு தீர்மானம்

"யார் பார்த்துக்கறது?" என்று கேட்டவருக்கு இப்போது பதில் சொல்கிறேன். நம் குடியிருப்பில் 48 வீடுகள். ஒவ்வொரு ஆண்டும் 12 வீடுகள், வீட்டுக்கு ஒரு மாதம். ஒரு முறை பார்த்த வீடு அடுத்த மூன்று ஆண்டுக்கு விலகி இருக்கலாம். நான்கு ஆண்டில் 48 வீடும் ஒரு சுற்று வந்துவிடும். உத்திரமேரூர் விதியையும் நம் வீட்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாரோ கணக்குப் போட்டுக் கொடுத்தது போலப் பொருந்துகிறது.

வீட்டு எண்களைச் சீட்டில் எழுதி ஒரு எவர்சில்வர் குடத்தில் போடுவோம். கூட்டத்துக்கு வரும் குழந்தைகளில் இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒன்று எடுக்கட்டும். வாடகைக்கு இருப்பவர், சொந்தக்காரர் என்ற வேறுபாடு வேண்டாம். எடுத்த சீட்டை ஐந்து விரலும் விரித்து வாங்கிச் செயலாளர் உரக்கப் படிக்கட்டும். மாதக் கடைசியில் பார்த்தவர் நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும்: எத்தனை நாள் தண்ணீர் விட்டது, என்ன வெட்டியது, என்ன செலவு. கணக்கு எழுதாத வீட்டின் பெயரை உறவுக்காரர் வரை விலக்க வேண்டாம். அறிவிப்புப் பலகையில் எழுதினால் போதும்.

இன்னொன்றும் கேட்கிறேன். கோடையில் கொடியைக் காப்பாற்றிய அம்மாவை அன்றைக்குக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். எதை வெட்டலாம், எங்கே தண்ணீர் நிற்கிறது என்று நம்மைவிட அவருக்குத் தெரியும். தோட்ட வேலை அவர் தலையில் விழுவதானால், அதற்குரிய கூலியை மெயின்டனன்ஸ் கணக்கில் தனி வரியாக எழுதிக் கொடுப்போம். 921-ல் விட்டுப்போனதை நாமாவது சேர்த்து எழுதலாம்.

ஓராண்டு நடத்திப் பார்ப்போம். சரிவராவிட்டால் விதியைத் திருத்துவோம். இந்த ஊரில் அதுவும் வழக்கம்தான்.

அதற்கு முன், ஏதாவது ஒரு மாலை ஆறரை மணிக்கு மேல் பார்க்கிங் பக்கம் வந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். அன்றைக்கு விரிந்த வெள்ளைப் பூக்கள் மணக்கத் தொடங்கியிருக்கும். பிறகு உங்கள் வாக்கை முடிவு செய்யுங்கள்.